சொல் தெரியும், எதோட எது சேரும்னு தெரியாது: ஐஈஎல்டிஎஸ் எழுத்தும் பேச்சும்

கொட்டகலை மழை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஐஈஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு) அகடமிக்ல ரைட்டிங் 6லயே நிக்குது, ஸ்பீக்கிங் 6.5. எனக்கு ரெண்டுலயும் 7 வேணும். மூணு மாசம் இருக்கு. சொல் பட்டியல் ஒண்ணை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன், நானூறு சொல் இருக்கும். அர்த்தம் கேட்டா டக்குனு சொல்லிடுவேன். ஆனா வாக்கியத்துல வச்சா ஒட்ட மாட்டேங்குது. இலக்கணம் சரியாத்தான் இருக்கு, ஆனாலும் "இப்படி யாரும் சொல்ல மாட்டாங்க"ன்னு திருத்துறவங்க சொல்றாங்க. எந்தச் சொல் எதோட சேரும்ங்கிறதைத்தான் கொலொகேஷன்னு சொல்றாங்கன்னு தெரியும், எப்படிப் படிக்கிறதுன்னுதான் தெரியல.

ரைட்டிங்ல டாஸ்க் 2க்கு (கட்டுரை) நான் எழுதின ஒரு பந்தியைப் போடுறேன், எங்க பிழைன்னு காட்டுங்க. (மன்றத்துல தமிழ் எழுத்து மட்டும்தான் விடுவாங்க, அதனால ஆங்கிலத்தையும் அப்படியே தட்டியிருக்கேன்.)

"நவடேஸ் மெனி யங் பீப்பிள் ஆர் கோயிங் டு கொழும்பு ஃபோர் சேர்ச் ஜொப்ஸ். பிகோஸ் எஸ்டேட் சாலரி இஸ் வெரி ஸ்மோல் அண்ட் த பிரைஸ் ஒஃப் கூட்ஸ் ஆர் எக்ஸ்பென்சிவ். கவர்மன்ட் ஷுட் டேக் எக்‌ஷன்ஸ் டு டெவலப் த நொலேஜ் ஒஃப் யூத்ஸ். இஃப் நொட், இட் வில் கிவ் எ பிக் இம்பாக்ட் டு த டீ இண்டஸ்ட்ரி."

என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு, கம்ப்யூட்டர் இல்ல.

---

பதுளை வாத்தி எழுதியது:

தங்கச்சி, இது உங்களுக்குப் புதுசு இல்ல. தமிழ்ப் பாடத்துல மரபுச் சொற்கள் படிச்சிருப்பீங்க. யானைக்குக் கன்று, நாய்க்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு. மயில் அகவும், குயில் கூவும். கூடை முடையணும், ஆடை நெய்யணும், பூப் பறிக்கணும். "யானைக் குஞ்சு"ன்னு யாராவது எழுதினா அர்த்தம் புரியும், இலக்கணத்துலயும் குறை இல்ல, ஆனா சிரிப்போம். தொல்காப்பியத்துல மரபியல்னு ஒரு இயலே இருக்கு, இளமைப் பெயர்களோடதான் அது தொடங்குது. ஆங்கிலத்துல கொலொகேஷன்ங்கிறதும் அந்த மாதிரி மரபுதான். ஏன்னு கேட்டா பதில் கிடையாது, பழகினவங்க அப்படித்தான் சொல்றாங்க.

நம்ம ஊருக்கே பொருத்தமா ஒரு உதாரணம். ஹாலிடேங்கிற மொழியியலாளர் 1966ல எழுதின கட்டுரையில டீயைத்தான் எடுத்துக்கிட்டார். 'ஸ்ட்ரோங் டீ' சரி, 'பவர்ஃபுல் டீ' சரியில்ல. கார்னு வந்தா 'பவர்ஃபுல் கார்' சரி, 'ஸ்ட்ரோங் கார்' ஒட்டாது. ரெண்டு சொல்லுக்கும் அகராதியில கிட்டத்தட்ட ஒரே அர்த்தம். உங்க நானூறு சொல் பட்டியல் கைவிடுற இடம் இதுதான். அது அர்த்தத்தைச் சொல்லுது, கூட்டாளி யாருன்னு சொல்லல.

மார்க் விஷயத்துக்கு வர்றேன். ரைட்டிங்ல நாலு அளவுகோல், ஒவ்வொண்ணும் 25 வீதம். அதுல ஒண்ணு லெக்சிக்கல் ரிசோர்ஸ், அதாவது சொல்வளம். ஸ்பீக்கிங்லயும் அதே பேர்ல, அதே 25 வீதத்துக்கு ஒண்ணு இருக்கு. எந்த மார்க்குக்கு என்ன தரம் வேணும்னு வெளியிட்டிருக்கிற பேண்ட் விளக்கத்தை எடுத்துப் பாருங்க. 7க்கான வரியில 'ஸ்டைல்', 'கொலொகேஷன்' ரெண்டும் பேர் சொல்லியே இருக்கு, 6க்கான வரியில இல்ல. நீங்க நிக்கிற படிக்கும் ஏற வேண்டிய படிக்கும் நடுவுல இருக்கிற விஷயமே இதுதான். 7ங்கிறது பிழையே இல்லாம எழுதுறதும் இல்ல. கொஞ்சம் பிழை வரலாம், ஆனா எந்தச் சொல் எதோட போகும்ங்கிற உணர்வு இருக்குன்னு தெரியணும்.

படிக்கிற முறை: பெயர்ச்சொல்லைப் பிடிங்க, அங்கிருந்து வெளியே போங்க. எழுத உட்காரும்போது நம்ம மனசுல முதல்ல வர்றது பெயர்ச்சொல்தான். வறுமை, வரி, சட்டம், பிரச்சினை, வேலை. அதுக்கு முன்னால எந்த வினை, எந்தப் பெயரடைங்கிற இடத்துலதான் தடுமாறுறோம். அதனால கொப்பியில ஒரு பெயர்ச்சொல்லை நடுவுல எழுதி மூணு கேள்வி கேளுங்க. அதை என்ன செய்வாங்க? அது எப்படிப்பட்டது? அதுக்குப் பின்னால என்ன முன்னிடைச்சொல் வரும்?

'பொவர்ட்டி'ய எடுத்துக்கங்க. என்ன செய்வாங்க: 'டக்கிள் பொவர்ட்டி', 'அலீவியேட் பொவர்ட்டி', 'எஸ்கேப் பொவர்ட்டி', 'லிவ் இன் பொவர்ட்டி'. எப்படிப்பட்டது: 'எக்ஸ்ட்ரீம்', 'வைட்ஸ்ப்ரெட்', 'ரூரல்'. 'சோல்வ் பொவர்ட்டி'ன்னு எழுதாதீங்க. 'சோல்வ்' பண்றது 'ப்ரொப்ளம்' கூடத்தான் போகும். 'அவொய்ட் பொவர்ட்டி'யும் பொருத்தமா இருக்காது, அது ஏதோ தெருவுல எதிர்ல வர்ற ஆளைக் கண்டு ஒதுங்கிப் போற மாதிரி இருக்கும்.

ஒரு நாளைக்கு ரெண்டு பெயர்ச்சொல், ஒவ்வொண்ணுக்கும் மூணு சேர்க்கை, அதுக்கு மேல வேணாம். கிழமைக்கு ஆறு நாள், ஞாயிறு திருப்பிப் பார்க்க மட்டும். பன்னிரண்டு கிழமையில 144 பெயர்ச்சொல், 432 சேர்க்கை ஆகும். உங்க பழைய நானூறை விட இந்த 432 எத்தனையோ மடங்கு வேலை செய்யும். அதுலயும் கல்வி, சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு, தொழில்நுட்பம், சுகாதாரம், குற்றம், போக்குவரத்துன்னு டாஸ்க் 2ல திரும்பத் திரும்ப வர்ற தலைப்புல இருந்து மட்டும் எடுங்க.

---

சாயத்தண்ணி எழுதியது:

வாத்தி சொன்னது சரி. ஆனா நம்ம ஆளுங்க பிழை எங்க இருந்து கிளம்புதுன்னும் பார்க்கணும். நம்ம தமிழ்ல சில வினைகள் எல்லாச் சுமையையும் தூக்கும். 'போடு', 'எடு', 'வா', 'கூடு', 'குடு'. ஆங்கிலத்துல அந்த ஒவ்வொரு சுமைக்கும் தனித்தனி ஆள்.

'போடு'வை மட்டும் எடுத்துக்கங்க:

லைட்டைப் போடு: 'ஸ்விட்ச் ஒன்'. 'ஓபன் த லைட்' இல்ல.
ரீலோட் போடு: 'டொப் அப்'.
உரம் போடு: 'அப்ளை ஃபேர்ட்டிலைசர்'.
ஊசி போடு: 'கிவ் அன் இன்ஜெக்‌ஷன்'.
வரி போடு, தடை போடு, அபராதம் போடு: மூணுக்கும் 'இம்போஸ்'.
சட்டம் போடு: பாராளுமன்றம்னா 'பாஸ் எ லோ', பொதுவா 'இன்ட்ரொடியூஸ் எ லோ'.
அத்திவாரம் போடு: 'லே த ஃபவுண்டேஷன்'.
பேர் போடு, அரைப்பேர் போடு (தோட்டத்துல ஒரு நாள், அரை நாள் சம்பளம் பதியிறது): இதுக்கு ஆங்கிலத்துல ஒத்தைச் சொல் தேடி அலையாதீங்க. ஸ்பீக்கிங்ல வந்தா 'ஒன்லி பெய்ட் ஹாஃப் எ டேஸ் வேஜ்'னு விளக்கிச் சொல்லிட்டுப் போங்க.

'எடு'வும் அப்படித்தான். நடவடிக்கை எடுத்தா 'டேக் எக்‌ஷன்'. முயற்சி எடுத்தா 'மேக் அன் எஃபர்ட்'. இந்த ரெண்டாவதைக் கவனிங்க, நம்ம பக்கத்துல பத்துல எட்டுப் பேர் 'டேக் எஃபர்ட்ஸ்'னு எழுதுறோம். கொழுந்து எடுத்தா 'ப்ளக் டீ'.

'வா': பிரச்சினை வந்தா 'அரைஸ்'. மண்சரிவு வந்தா 'ஒக்கர்', இல்லாட்டி 'எ லேண்ட்ஸ்லைட் ஹிட் த வில்லேஜ்'. மழையாலதான் வந்துச்சுன்னு சொல்லணும்னா 'ஹெவி ரெய்ன் ட்ரிகர்ட் எ லேண்ட்ஸ்லைட்'. 'லேண்ட்ஸ்லைட் கேம்'னு எழுதினா அது பஸ்ல வந்து இறங்கின மாதிரி இருக்கும். அடிக்கடி மண்சரிவு வர்ற இடம் 'லேண்ட்ஸ்லைட்-ப்ரோன் ஏரியா'. நம்ம மாவட்டங்களைப் பத்திப் பேசுறவங்களுக்கு இது கட்டாயம் வேணும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவு மாதிரி ஒரு சம்பவத்தை ஸ்பீக்கிங் மூணாம் பகுதியில உதாரணமாச் சொல்ல வேண்டி வரலாம். அப்போ 'வேர் பெரிட் அலைவ்', 'வோர்னிங்ஸ் வேர் இக்னோர்ட்', 'ரீசெட்டில் ஃபேமிலீஸ்'னு சேர்க்கைகள் கையில இருந்தாத்தான் தடுக்காமப் பேசலாம்.

ஒரு விஷயத்துல தமிழே கை குடுக்கும். நாம பரீட்சைக்குத் "தோற்றுறோம்"னு எழுதுறோம்ல, அதுக்கு ஆங்கிலத்துல 'சிட் அன் எக்ஸாம்'. 'டேக் அன் எக்ஸாம்'னும் சொல்லலாம். 'கிவ் அன் எக்ஸாம்'னா பரீட்சை வைக்கிற ஆள்.

---

ஊவா தென்றல் எழுதியது:

யாரும் பந்தியைத் தொடல, நான் தொடுறேன். வரி வரியாப் போறேன்.

'ஃபோர் சேர்ச் ஜொப்ஸ்'. "வேலை தேடி"ங்கிறதுக்கு ஆயத்தமா ஒரு துண்டு இருக்கு: 'இன் சேர்ச் ஒஃப் வேர்க்'. இதைச் சொல் சொல்லாப் பிரிக்காதீங்க, அப்படியே முழுசாத் தூக்கிக்கங்க.

'சாலரி இஸ் வெரி ஸ்மோல்'. இங்க ரெண்டு விஷயம். 'சாலரி' மாசச் சம்பளம், உத்தியோகத்துக்கு. நாட்சம்பளத்துக்கு 'வேஜ்'. தோட்டத் தொழிலாளி பத்தி எழுதும்போது இது முக்கியம், ஏன்னா ஆங்கிலத்துல அந்தச் சொல்லைப் பார்த்தவுடனே எந்த வகை வேலைன்னு வாசிக்கிறவருக்குத் தெரிஞ்சுடும். அடுத்தது, 'வேஜ்' 'லோ'வா இருக்கும். 'ஸ்மோல் சாலரி' முழுப் பிழை இல்ல, ஆனா கட்டுரைக்கு 'லோ வேஜஸ்'.

'த பிரைஸ் ஆர் எக்ஸ்பென்சிவ்'. பொருள்தான் 'எக்ஸ்பென்சிவ்', விலை 'ஹை'. அதே மாதிரி 'சீப் பிரைஸ்' வேணாம், 'லோ பிரைஸ்'. "விலை கூடிப்போச்சு"ன்னு தமிழ்ல நாமே விலையைக் கூட்டுறோம், பொருளை இல்ல. அந்த மாதிரி 'பிரைசஸ் ஹேவ் ரிஸன்'. உங்க வாக்கியத்துக்கு இன்னும் பொருத்தம் 'த கொஸ்ட் ஒஃப் லிவிங் இஸ் ஹை'. இன்னொண்ணு, 'பிரைஸ்' ஒருமை, 'ஆர்' பன்மை, அது இலக்கணப் பிழை.

இந்த வாக்கியமே 'பிகோஸ்'னு தொடங்கி முற்றுப்புள்ளியில முடியுது, பிரதான வாக்கியம் இல்ல. முதல் வாக்கியத்தோட ஒட்டுங்க.

'டேக் எக்‌ஷன்ஸ்'. இந்தச் சேர்க்கையில 'எக்‌ஷன்' எண்ண முடியாதது. 'டேக் எக்‌ஷன்', இல்லாட்டி எண்ணக்கூடிய 'டேக் ஸ்டெப்ஸ்', 'டேக் மெஷர்ஸ்'. இதே பிழை 'ரிசேர்ச்சஸ்', 'எட்வைசஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்'லயும் வரும். 'மேக் எ ரிசேர்ச்'னு எழுதுறவங்க ஒரே துண்டுல ரெண்டு பிழை விடுறாங்க, 'கொண்டக்ட் ரிசேர்ச்'தான் சரி.

'டெவலப் த நொலேஜ் ஒஃப் யூத்ஸ்'. "அறிவை வளர்க்க" அப்படியே மொழிபெயர்ந்து வந்திருக்கு. 'நொலேஜ்' கூடப் போறது 'கெய்ன்', 'அக்குவயர்', 'ப்ரோடன்'. ஆனா உங்களுக்கு இங்க வேண்டியது அறிவு இல்ல, தொழில் திறமை. 'ஈக்விப் யங் பீப்பிள் வித் பிராக்டிகல் ஸ்கில்ஸ்'. பின்னால 'வித்' வர்றதையும் சேர்த்தே எழுதி வைங்க.

'கிவ் எ பிக் இம்பாக்ட் டு'. இதுல மூணு இடம் தவறுது. "தாக்கத்தைக் குடுக்கும்"ங்கிறதால 'கிவ்' வந்துடுச்சு, சரியானது 'ஹேவ்'. 'பிக்' பேச்சுக்குச் சரி, எழுத்துல 'சீரியஸ்' அல்லது 'சிக்னிஃபிகன்ட்'. 'டு' இல்ல, 'ஒன்'. ஆக 'ஹேவ் எ சீரியஸ் இம்பாக்ட் ஒன்'. 'எஃபெக்ட்', 'இன்ஃப்ளுவன்ஸ்' ரெண்டுக்கும் இதே சட்டம்தான், 'ஹேவ்'உம் 'ஒன்'உம்.

எல்லாம் சேர்ந்தா:

"இன் ரீசன்ட் இயர்ஸ், எ க்ரோயிங் நம்பர் ஒஃப் யங் பீப்பிள் ஹேவ் லெஃப்ட் த டீ எஸ்டேட்ஸ் இன் சேர்ச் ஒஃப் வேர்க், லார்ஜ்லி பிகோஸ் வேஜஸ் ஆர் லோ அண்ட் த கொஸ்ட் ஒஃப் லிவிங் இஸ் ஹை. த கவர்மன்ட் ஷுட் டேக் ஸ்டெப்ஸ் டு ஈக்விப் தெம் வித் பிராக்டிகல் ஸ்கில்ஸ் தட் கேன் பி யூஸ்ட் க்ளோசர் டு ஹோம். அதர்வைஸ், திஸ் ட்ரெண்ட் குட் ஹேவ் எ சீரியஸ் இம்பாக்ட் ஒன் த டீ இண்டஸ்ட்ரி."

பாருங்க, இதுல ஒரு சொல்கூட உங்களுக்குத் தெரியாதது இல்ல. பட்டியல்ல இருக்கிற பெரிய சொல் எதுவுமே வேண்டி வரல.

---

கொட்டகலை மழை:

ரொம்ப நன்றி. கடைசி வரி உறைச்சது. மூணு சந்தேகம். ஒண்ணு, ஒரு சேர்க்கை சரியா தப்பான்னு போன்லயே எப்படிப் பார்க்கிறது? ரெண்டு, டாஸ்க் 1 வரைபடத்துக்குத் தனிச் சேர்க்கை இருக்கா? மூணு, ஸ்பீக்கிங்லயும் இதே மாதிரிப் பேசணுமா? இன்னொண்ணு, 'டேக் எ டிசிஷன்' பிழைன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க, நிஜமா?

---

பதுளை வாத்தி:

கடைசியை முதல்ல முடிச்சுடலாம். 'டேக் எ டிசிஷன்' பிழை இல்ல. பிரித்தானிய ஆங்கிலத்துல இருக்கு. 'மேக் எ டிசிஷன்' அதை விட அதிகம் வழங்குது, அவ்வளவுதான். வீடியோவுல "இது தப்பு, அது தப்பு"ன்னு சிவப்புக் கோடு போடுறவங்கள்ல பாதிப் பேர் ஒரு நாட்டு வழக்கை மட்டும் வச்சுப் பேசுறாங்க.

போன்ல பார்க்க எனக்குத் தெரிஞ்சு லேசானது ஸ்கெல்னு ஒரு இணையத்தளம். இலவசம், கணக்குத் திறக்க வேண்டியதில்ல, டேட்டாவும் பெரிசா இழுக்காது. மேல மூணு பொத்தான் இருக்கும். எக்ஸாம்பிள்ஸ்ல உதாரண வாக்கியங்கள் வரும். வேர்ட் ஸ்கெட்ச்தான் நமக்கு வேண்டியது. அதுல 'இம்பாக்ட்'னு தட்டி பெயர்ச்சொல்லைத் தெரிவு செஞ்சா, அதுக்கு முன்னால வர்ற வினைகள் ஒரு கட்டத்துல, பெயரடைகள் இன்னொரு கட்டத்துல வரும். மேல நான் சொன்ன மூணு கேள்விக்குப் பதில் அப்படியே கிடைக்கும். பெட்டியில மேல இருக்கிற மூணு நாலை மட்டும் எடுங்க. அடியில இருக்கிறது அபூர்வமானது. அழகா இருக்குன்னு அதைப் பொறுக்கினா மாட்டிக்குவீங்க.

ரெண்டு சேர்க்கைக்கு நடுவுல சந்தேகம்னா புத்தகங்கள்ல ஒரு தொடர் எவ்வளவு வருதுன்னு கோடு போட்டுக் காட்டுற கூகுள் என்கிராம்ல காற்புள்ளி போட்டு ரெண்டையும் தட்டுங்க. எந்தக் கோடு மேல போகுதுன்னு தெரியும். சாதாரணத் தேடல்ல மேற்கோள் குறிக்குள்ள போட்டு எத்தனை லட்சம் வந்துச்சுன்னு எண்ணுறது நம்பகமில்ல. அந்த எண்ணிக்கை தோராயம், பிழையான ஆங்கிலப் பக்கங்களும் அதுல சேரும்.

கட்டுரை ஆங்கிலத்துக்குன்னே ஆய்வாளர்கள் தொகுத்த அகடமிக் கொலொகேஷன் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, 2469 சேர்க்கை. இலவசமா இறக்கலாம். முழுசாப் படிக்க உட்காராதீங்க. உங்க தலைப்புக்கு வர்றதை மட்டும் பென்சிலால வட்டம் போடுங்க.

கொப்பியில எழுதுற முறை: இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். இடப்பக்கத்துல "வரி"ன்னு மட்டும் எழுதாம "புகையிலைக்கு வரி போடணும்"னு முழுசா எழுதுங்க. வலப்பக்கத்தைக் கையால மூடிக்கிட்டு வாயால சொல்லணும். மறுநாள், மூணாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள். வாசிச்சுக்கிட்டே போனா "தெரியும் தெரியும்"னு ஒரு மயக்கம் வரும், பரீட்சை மண்டபத்துல அது கைவிட்டுடும். மூடி வச்சுக் கேட்டாத்தான் ஏறும்.

---

சாயத்தண்ணி:

டாஸ்க் 1க்கு நான். இது சின்ன உலகம், முப்பது சேர்க்கை போதும். கூடினதைச் சொல்ல 'ரோஸ் ஷார்ப்லி', 'எ ஷார்ப் ரைஸ்', 'எ ஸ்டெடி இன்க்ரீஸ்', 'எ ஸ்லைட் ட்ரொப்'. உச்சிக்குப் போனா 'பீக்ட் எட்', அசையாம இருந்தா 'ரிமெய்ன்ட் ஸ்டேபிள்', ஏறி இறங்கினா 'ஃப்ளக்சுவேட்டட் பிட்வீன்'. வேகமான வளர்ச்சிக்கு 'ஃபாஸ்ட் க்ரோத்' வேணாம், 'ரெப்பிட் க்ரோத்'.

மார்க் போற இடம் மூணு.

ஒண்ணு, எது கூடுச்சுன்னு சொல்லாம விடுறது. 'டூரிஸ்ட்ஸ் இன்க்ரீஸ்ட்'னு எழுதுறாங்க. சுற்றுலாப் பயணிகள் கூடல, அவங்க எண்ணிக்கைதான் கூடுச்சு. 'த நம்பர் ஒஃப் டூரிஸ்ட்ஸ் இன்க்ரீஸ்ட்'. எண்ண முடியாததுக்கு 'எமவுண்ட்'. 'எமவுண்ட் ஒஃப் பீப்பிள்'னு எழுதினா ஆளைக் கிலோவுல நிறுத்த மாதிரி.

ரெண்டு, முன்னிடைச்சொல். 20 வீதத்துல இருந்து 35க்கு ஏறினா 'ரோஸ் ஃப்ரொம் 20 டு 35 பேர்சன்ட்'. வித்தியாசத்தைச் சொல்ல 'பை'. பெயர்ச்சொல்லாப் போட்டா, எதுலங்கிறதுக்கு 'இன்', எவ்வளவுங்கிறதுக்கு 'ஒஃப்'.

மூணு, மேல சொன்ன 20, 35 கணக்குல வித்தியாசம் 15 'பேர்சன்டேஜ் பொயின்ட்ஸ்'. '15 பேர்சன்ட் இன்க்ரீஸ்'னு எழுதினா கணக்கே பிழை, ஏன்னா 20ல இருந்து பார்த்தா அது 75 வீத அதிகரிப்பு.

நேரம் மறந்துடாதீங்க. 60 நிமிஷத்துல டாஸ்க் 1க்கு 20, டாஸ்க் 2க்கு 40. ரெண்டாவதுக்கு ரெண்டு மடங்கு எடை, அதனால உழைப்பையும் அந்தப் பக்கம் சாய்ங்க.

---

ஊவா தென்றல்:

ஸ்பீக்கிங்: இல்ல, அதே மாதிரிப் பேசக் கூடாது. விளக்கத்துல 'ஸ்டைல்'ங்கிற சொல் சும்மா கிடக்கல. வாயில 'மோர்ஓவர்', 'எ ப்ளெத்தோரா ஒஃப்'னு வந்தா புத்தகத்தை வாசிக்கிற மாதிரி இருக்கும். 11ல இருந்து 14 நிமிஷப் பேச்சு அது. முதல் பகுதியில 'கெட் அலோங் வித்', 'ஸ்பென்ட் டைம் வித்', 'கெட் யூஸ்ட் டு' மாதிரி இயல்பான சேர்க்கைதான் மார்க் வாங்கும். மூணாம் பகுதியில கேள்வி கனமாகும், அங்க 'ரெய்ஸ் எவேர்னெஸ்', 'ப்ளே எ கீ ரோல் இன்', 'நெரோ த கெப் பிட்வீன்' பொருந்தும். நம்ம ஊர்ல 'க்ரியேட் எவேர்னெஸ்'னு பேனர்லயே போட்டுடுறாங்க, 'ரெய்ஸ்'தான் பரவலான வழக்கு.

இரண்டாம் பகுதியில ஒரு நிமிஷம் யோசிக்கத் தருவாங்க, காகிதமும் பென்சிலும் இருக்கும். நம்மளில் பலர் அந்த நிமிஷத்துல முழு வாக்கியம் எழுதப் பார்த்து ரெண்டு வரியில நேரம் முடிஞ்சு போகுது. நாலு சேர்க்கையை மட்டும் எழுதுங்க. "ஒரு பயணத்தைப் பத்திப் பேசுங்க"ன்னு வந்து கண்டி–பதுளை ரயிலை எடுத்தா: 'கோட் த மோர்னிங் ட்ரெய்ன்', 'ஸ்டீப் ஸ்லோப்ஸ்', 'த மிஸ்ட் லிஃப்டட்', 'ப்ரெத்டேக்கிங் வியூ'. நாலும் நாலு ஆணி, பேச்சை அதுல மாட்டிக்கிட்டே போகலாம். பஸ், ரயில்ல இருந்து இறங்கினதை 'கொட் டவுன்'னு சொல்லிடாதீங்க, 'கொட் ஒஃப்'. நம்ம நாட்டுக்குள்ள எல்லாருக்கும் புரியும், வெளிநாட்டு ஆளுக்குக் கீழ குனிஞ்ச மாதிரி கேட்கும்.

நுவரெலியாக் குளிரை 'பிட்டர்லி கோல்ட்'னு சொல்றதும் வேணாம். சேர்க்கை சரி, அளவு தப்பு. அது உறைபனி நாட்டுக் குளிருக்கு. 'சில்லி', 'கூல் அண்ட் மிஸ்டி' போதும். சரியான ஜோடியையும் சரியான இடத்துல வைக்கணும்.

லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பத்திச் சொல்லணும்னா 'லைன் ரூம்ஸ்'னு மட்டும் சொல்லி விட்டா பரீட்சகருக்குப் புரியாமப் போகலாம். 'எ ரோ ஒஃப் சிங்கிள்-ரூம் ஹவுசஸ்'னு ஒரு வரி சேர்த்துக்கங்க.

---

ரம்பொடை அருவி எழுதியது:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? 'டபுள்-எட்ஜ்ட் சோர்ட்', 'எவ்ரி கொயின் ஹேஸ் டூ சைட்ஸ்', 'இன் எ நட்ஷெல்' மாதிரி ஒரு இருபது வசனம் பாடமாக்கிட்டு எல்லாக் கட்டுரையிலயும் போட்டா போதும்னு டியூஷன்ல சொல்றாங்களே?

---

பதுளை வாத்தி:

அந்த இருபதையும் பரீட்சகர் ஒரு நாள்ல அம்பது தாள்ல பார்ப்பார், தம்பி. மனப்பாடத் துண்டைக் கண்டுபிடிக்க அவங்களுக்குப் பயிற்சியே குடுக்கிறாங்க. 'எ டபுள்-எட்ஜ்ட் சோர்ட்' பிழை இல்ல, ஆனா எந்தத் தலைப்புக்கும் ஒட்டுற துண்டு எந்தத் தலைப்பையும் பத்தி ஒண்ணும் சொல்லல. அடுத்த வரியில 'டேக் எஃபர்ட்ஸ்'னு வந்துட்டா, முதல் வரி வாடகைச் சட்டைன்னு தெரிஞ்சும் போயிடும். கொலொகேஷன் வேற, மரபுத்தொடர் வேற. 'லோ வேஜஸ்', 'இம்போஸ் எ டாக்ஸ்' எல்லாம் கண்ணுல படாம ஓடுற சேர்க்கை. அதுதான் வேணும்.

---

கொட்டகலை மழை:

ஸ்கெல் பார்த்தேன், 'ஷோர்ட்டேஜ்' போட்டுத் தேடினேன். 'சிவியர்', 'ஃபேஸ்' மேலயே வந்துச்சு. அதை வச்சு ஒரு வரி, சரியான்னு சொல்லுங்க:

"த எஸ்டேட்ஸ் ஆர் ஃபேசிங் எ சிவியர் லேபர் ஷோர்ட்டேஜ் டியூ டு லோ வேஜஸ், அண்ட் திஸ் ஹேஸ் லெட் டு எ ஷார்ப் டிக்ளைன் ஒஃப் டீ புரொடக்‌ஷன்."

---

ஊவா தென்றல்:

முதல் பாதியில கை வைக்க ஒண்ணும் இல்ல. 'லெட் டு'வும் சரி. 'டிக்ளைன் ஒஃப்'ஐ மட்டும் 'டிக்ளைன் இன்' ஆக்குங்க. மேல சாயத்தண்ணி சொன்னதுதான், எதுலங்கிறதுக்கு 'இன்', 15 வீதம்னு அளவு சொல்லும்போது 'ஒஃப்'. 'ஷார்ப்'ஐயும் எடுத்துடுங்க. கையில எண் இல்லாம டாஸ்க் 2ல "சடார்னு விழுந்துச்சு"ன்னு எழுதினா ஆதாரம் எங்கன்னு கேள்வி வரும். வெறும் 'எ டிக்ளைன் இன் டீ புரொடக்‌ஷன்' போதும். நாளைக்கு 'எஜுகேஷன்'ல ரெண்டு பெயர்ச்சொல் எடுத்து இங்கயே போடுங்க, பார்க்கிறோம்.